பழைய சோறும் பெருங்குடலும்

வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகிவிடும். சிறுகுடலில் செரிக்காத அதைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் தருகின்றன. பெருங்குடல் உட்சுவர் செல்களுக்கு அதுவே முதன்மை எரிபொருள். உப்பும் நீரும் உறிஞ்சப்படவும் உதவும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழுவினர், காலரா நோயாளிகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலில் இத்தகைய செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தனர். வயிற்றுப்போக்கு சீக்கிரமே நின்றது. 2000-ல் வெளியான இந்த முடிவு, வீட்டுப் பழைய சோற்றுப் பானையையும் மதிப்போடு பார்க்கவைக்கிறது.

நெல் விளையும் சித்தையன்கோட்டையில் பழைய சோற்றுக்குத் தனிச்செலவு எதுவும் வேண்டாம். இரவுச் சோறு ஆறியதும் தாமதிக்காமல் நீரூற்றி மூடுங்கள். காலையில் மோர்விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளலாம். வெங்காய நாரும் அதே பாக்டீரியாக்களுக்குத் தீனிதான்.

சர்க்கரை நோயாளிகள் அளவோடு சாப்பிடட்டும். வெக்கை நாளில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிசுபிசுத்த சோற்றைக் கொட்டிவிடுங்கள்; சூடாக்கினாலும் சில நச்சுகள் போகாது.