டிராக்டர் புகையின் நாற்றமும் அதனால் அறியத்தக்கவையும்

டிராக்டரும் எண்ணெய் என்ஜினும் பழுதடையத் தொடங்கும்போது, புகையின் நாற்றம் பெரும்பாலும் முதல் அறிகுறியாக இருக்கும். ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய பாலாற்றுப் பிரதேசங்களில் தோல் பதனிடும் சாலைகளின் நாற்றமும் காற்றில் கலந்து வருவதுண்டு. ஆகையால் யந்திரத்தைப் பிரிக்குமுன் நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று நிச்சயித்துக்கொள்ளுதல் நலம். என்ஜினை நிறுத்திப் பத்து நிமிஷம் காத்திருக்க. அதன் பின்னரும் நாற்றம் குறையாதிருப்பின் அது புகையினுடையது அன்று.

1. எரியாத டீசல் நாற்றமும் வெண்புகையும்: குளிர்ந்த காலையில் சில நிமிஷம் இவ்வாறிருத்தல் இயல்பே. என்ஜின் சூடேறிய பின்னும் நீடித்தால், இன்ஜெக்டர் பழுது அல்லது அழுத்தக் குறைவு என அறிக.

2. கருகிய எண்ணெய் நாற்றமும் நீலப்புகையும்: பிஸ்டன் ரிங் தேய்ந்து எண்ணெய் எரிகின்றது. எண்ணெயை அளவுக்கு மிஞ்சி ஊற்றியிருப்பினும் இவ்வாறு நேரும். ஆதலால் அளவுக்குச்சியை முதலிற் பார்க்க.

3. தித்திப்பான நாற்றமும் வெண்ணிற ஆவியும்: ரேடியேட்டரிலுள்ள கூலன்ட் திரவம் என்ஜினுட் கசிகின்றது. ஹெட் காஸ்கெட் கெட்டிருக்கலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் என்ஜினை ஓட்டலாகாது. ரேடியேட்டர் மூடியைச் சூடு ஆறிய பின்னரே திறக்க வேண்டும்.

4. அழுகிய முட்டை நாற்றம்: 2020ஆம் வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி முதல் இந்தியாவில் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது. ஆகவே இந்நாற்றத்திற்கு டீசற்புகையைக் காரணமாகச் சொல்லுதல் அரிது. பாட்டரி அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஆகிச் சூடேறியிருக்கின்றதா என்று முதலிற் பார்க்க. அதுவும் அன்றெனின், காரணம் வெளியிலிருத்தல் கூடும். தோலின் மயிர் களையச் சோடியம் சல்பைடு உபயோகிக்கின்றனர். அக்கழிவு நீருடன் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு எழும். அது மிகுந்த இடத்தில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டதென்று நம்பிக் கழிவுக் குழியிலோ சாக்கடையிலோ இறங்குவோர் உயிரிழப்பர்.

5. நாற்றமில்லாத அபாயம்: புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, நாற்றமுமில்லை. எண்ணெய் என்ஜினைக் கிணற்றினுள் இறக்கியும், அடைத்த கொட்டகைக்குள் வைத்தும் ஓட்டுதல் கூடாது. தலைவலியும் மயக்கமும் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வருக. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் மற்றவர் பின்தொடர்ந்து இறங்காமல் தீயணைப்பு நிலையத்தாரை அழைக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைப் பம்புசெட் வைத்திருப்போர் யாவருக்கும் எடுத்துரைப்பாராக. பழுதை மூக்கினால் அறியலாம். அபாயம் இல்லையென்று மூக்கினால் மட்டும் முடிவு செய்யலாகாது.