சுகம் தேடிப் போன மலையூர்: நுவரெலியா

கல்முனைச் சந்தையில் கோவாவும் கரட்டும் லீக்ஸும் விற்கிறவரிடம் கேட்டால், "நுவரெலியாச் சாமான்" என்பார். அந்த ஊர் மரக்கறிக்காக உண்டானதல்ல, நோயாளிகளுக்காக உண்டானது. பழக்கமில்லாத மண்ணில் பயிர் வைக்கப் போனவர்கள் பட்ட பாடும் அதன் வரலாற்றில் இருப்பதால், இம்முறை பாடத்திற்கு அதை எடுத்துக்கொள்கிறோம்.

1819ஆம் ஆண்டளவில் வேட்டைக்குப் போன ஆங்கிலேயர் சிலர், 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்த இந்தச் சமவெளியைக் கண்டார்கள். "கண்டுபிடித்தார்கள்" என்று புத்தகங்கள் சொல்லும். அயற்கிராமத்தார் அதை முன்பே அறிந்திருந்தார்கள். பெயரும் அவர்கள் வைத்ததே. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் அங்கே தமக்கு வீடு கட்டினார். காய்ச்சலில் மெலிந்த படையினர் தேறுவதற்குச் சுகநிலையமும் அமைந்தது.

குளிர்ந்த காற்றே காய்ச்சலைத் தீர்க்கிறது என்று அன்று நம்பினார்கள். மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்பதை ரொனால்ட் றொஸ் 1897இல்தான் காட்டினார். கடுங்குளிரில் நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதில்லை. ஆகவே மலையில் புதிதாக நோய் தொற்றுவது அரிது. ஆனால் கீழ்நாட்டிலேயே கிருமியை உடலில் ஏற்றிக்கொண்டவருக்கு, மலைக்கு ஏறினாலும் காய்ச்சல் திரும்பி வரலாம்.

அப்படிக் காய்ச்சலோடு ஏறியவர்களுள் ஒருவர் சாமுவேல் பேக்கர். சில நாட்களில் உடம்பு தேறியதும் அவருக்கு ஊர் பிடித்துவிட்டது. இங்கிலாந்துக்குப் போய், 1848இல் தம்பி ஜோனோடும் ஒரு கமக்கண்காணிப்பாளரோடும் கொல்லரோடும் வேறு சில குடியேறிகளோடும் திரும்பினார். நல்லினக் காளை, பசு, செம்மறிக் கடாக்கள், கலப்பை எல்லாம் கப்பலில் வந்தன. காணி ஏக்கர் ஒரு பவுண். ஆனால் காடு வெட்டி வேர் பிடுங்க அதைப்போலப் பல மடங்கு செலவாயிற்று.

மண் கறுப்பாக இருந்ததைக் கண்டு வளமானதென்று எண்ணிவிட்டார். உண்மையில் மழை அதன் சத்தைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. உருளைக்கிழங்கு நட்டார். புழு தின்றது, மீதியைக் காட்டுப்பன்றியும் மரையும் பார்த்துக்கொண்டன. கொண்டு வந்த மாடுகளுள் பல நோய் கண்டு இறந்தன. கூட வந்தவர்களுக்கு மனம் விட்டுப்போயிற்று. அதன்பிறகே மாடுகளைப் பட்டியில் கட்டித் தீன் போட்டு, எருவைச் சேர்த்து நிலத்திற்கு இட்டார். எரு விழுந்த இடத்தில் பயிர் எழும்பியது. பணமும் படிப்பும் இருந்தவருக்கே இத்தனை நட்டம்! 1855இல் பேக்கர் நாட்டை விட்டுப் போனார். தம்பி தங்கி, கமத்தைத் தொடர்ந்தார்.

1861இல் அருகிலுள்ள ஹக்கலையில் சிங்கோனா மரம் வளர்க்கத் தோட்டம் தொடங்கினார்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா அதன் பட்டையிலிருந்தே எடுக்கப்பட்டது. காய்ச்சலுக்குப் பயந்து ஏறிய மலையிலேயே காய்ச்சலுக்கு மருந்து விளைந்தது.

கோப்பி நோயில் அழிந்து, தேயிலை வந்தது. சுகம் தேடி வந்தவர்களுக்குப் பங்களா. தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைத்தவர்களுக்கு லயன் அறை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களுள் பெரும்பாலானோர் குடியுரிமையற்றவராயினர். அந்தக் குறை சட்டப்படி முற்றாகத் தீர 2003 வரை சென்றது.

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று காய்ச்சலுக்கு அஞ்சி எவரும் நுவரெலியாவுக்கு ஏறுவதில்லை. குளிர் பார்க்கவே போகிறார்கள்.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, இப்போது நீங்கள் இருக்கும் காணியில் ஒரு முழம் தோண்டி, மேல்மண்ணில் ஒரு கைப்பிடியும் அடிமண்ணில் ஒரு கைப்பிடியும் தனித்தனியே கட்டிக்கொண்டு வாருங்கள். விட்டு வந்த வயலின் மண் எப்படியிருந்தது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். பக்கத்துக் காணிக்காரரையும் அழைத்து வந்தால் நல்லது.