குட்டைக் கால் விமானம்: போயிங் 737 சொல்லும் பாடம்

பெண்டாங்கிலிருந்து வடக்கே சென்று அலோர் ஸ்டாரைத் தாண்டினால் கெப்பாலா பத்தாஸில் சுல்தான் அப்துல் ஹலிம் விமான நிலையம் உள்ளது. மாணவர்களே, அங்கே மலேசியா ஏர்லைன்ஸின் போயிங் 737-800, ஏர் ஆசியாவின் ஏர்பஸ் ஏ320 ஆகிய இரண்டையும் பார்க்க நேர்ந்தால், அவற்றின் இயந்திர வாயைக் கவனியுங்கள். ஏர்பஸில் அது நல்ல வட்டம். போயிங்கில் அடிப்பக்கம் சற்றுத் தட்டையாக இருக்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம், ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட ஒரு முடிவு.

கால்கள் ஏன் குட்டை?

குறுந்தொலைவுப் பயணத்துக்கான இரட்டை இயந்திர ஜெட் விமானமாக 737 திட்டம் 1965இல் தொடங்கியது. அக்காலத்துச் சிறிய விமான நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டு வண்டியோ, பெட்டிகளைத் தூக்கி ஏற்றும் கருவியோ இல்லை. ஆகவே, பொறியாளர்கள் விமானத்தின் உடலைத் தரைக்கு அருகில் அமைத்தனர். பணியாளர்கள் தரையில் நின்றபடியே பெட்டிகளை ஏற்றலாம்; இயந்திரத்தையும் சோதிக்கலாம். அன்றைய இயந்திரம் ஒல்லியானது. அதன் விசிறியின் விட்டம் சுமார் 1 மீட்டர்தான். அதை இறக்கையின் அடியில் ஒட்டினாற்போல் பொருத்தினர்.

முதல் 737 விமானம் 1967 ஏப்ரல் 9ஆம் நாள் பறந்தது. 737-100 வகையில் மொத்தம் 30 விமானங்களே கட்டப்பட்டன. அவற்றில் சிலவற்றை மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வாங்கியது. அந்நிறுவனம் பிரிந்து 1972இல் உருவான மலேசிய விமான நிறுவனம், சற்றே நீளமான 737-200 விமானங்களைப் பயன்படுத்தியது.

இயந்திரம் ஏன் பருத்தது?

எரிபொருளை மிச்சப்படுத்த இயற்பியல் ஒரு வழி காட்டுகிறது. ஒரு விநாடியில் 10 கிலோகிராம் காற்றை 400 மீ/வி வேகத்தில் பின்னே தள்ளினால் உந்தம் 4,000. இயக்க ஆற்றல் 8,00,000 ஜூல். 20 கிலோகிராம் காற்றை 200 மீ/வி வேகத்தில் தள்ளினாலும் உந்தம் அதே 4,000தான். ஆனால் ஆற்றலோ 4,00,000 ஜூல், அதாவது பாதி! எனவே, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். அதற்குப் பெரிய விசிறி வேண்டும்.

இங்கேதான் குட்டைக் கால் குறுக்கே நின்றது. 1984இல் பறந்த 737-300இன் விசிறி விட்டம் சுமார் 1.5 மீட்டர். அது தரையில் உரசாதிருக்க, இயந்திரத்தை இறக்கைக்கு முன்னே தள்ளினர். அடியில் இருந்த துணைக் கருவிகளைப் பக்கவாட்டுக்கு மாற்றி, உறையின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கினர். 1987இல் முதன்முதலில் பறந்த ஏ320க்கு உயரமான கால்கள் இருந்ததால் இந்தச் சிக்கல் எழவில்லை. ஏர் ஆசியாகூட 2001இல் இரண்டு 737-300 விமானங்களோடுதான் மலிவுக் கட்டணச் சேவையைத் தொடங்கியது. 2005 முதல் ஏ320க்கு மாறியது.

மேக்ஸ் தந்த விலை

அடுத்து வந்த 737 மேக்ஸின் விசிறி சுமார் 1.75 மீட்டர். உலகிலேயே முதன்முதலில் அதைப் பயணிகள் சேவையில் ஈடுபடுத்தியது, 2017 மே மாதம், நம் நாட்டின் மாலிண்டோ ஏர். இம்முறை இயந்திரம் மேலும் முன்னும் மேலுமாக நகர்ந்தது. மூக்கு மிக உயர்ந்த நிலையில் பறக்கும்போது, அந்தப் பெரிய உறையே விமானத்தை இன்னும் மேல்நோக்கி உயர்த்த முனைந்தது. அதைச் சரிக்கட்ட, மூக்கைத் தானாகவே கீழிறக்கும் மென்பொருள் ஒன்று சேர்க்கப்பட்டது. ஆனால் அது ஒரே ஓர் உணரியின் அளவீட்டை நம்பியது. விமானிகளுக்கு அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லப்படவும் இல்லை.

2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும், உணரி தவறான அளவைக் காட்ட, மென்பொருள் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே அழுத்தியது. இரு விபத்துகளிலும் 346 பேர் மாண்டனர். உலகெங்கும் மேக்ஸ் தரையிறக்கப்பட்டது. இரண்டு உணரிகளையும் ஒப்பிடும்படி மென்பொருள் திருத்தப்பட்டு, விமானிகளுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்ட பிறகே அது மீண்டும் பறந்தது.

குட்டைக் கால் 1965இல் அறிவார்ந்த முடிவு. தேவை மாறியபோது அடித்தளத்தைத் தொடாமல் மேலே ஒட்டுப் போட்டுக்கொண்டே போனதுதான் ஆபத்தானது. பழைய வடிவமைப்பைத் திருத்தும் பொறியாளர், அது எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

சிந்தித்துப் பாருங்கள்:
1. 40 கிலோகிராம் காற்றை 100 மீ/வி வேகத்தில் தள்ளினால் இயக்க ஆற்றல் எவ்வளவு?
2. இரண்டு உணரிகள் வெவ்வேறு அளவைக் காட்டினால், கணினி என்ன செய்வது பாதுகாப்பானது?