நெடுந்தீவுக் குதிரை: பேருருவச் சிற்பம் அமைக்கும் முறை

கலைகளை அறுபத்து நான்கென எண்ணிய நம் முன்னோர், ஏட்டுக் கல்வியையும் கைத்தொழிலையும் ஒரே நிரலில் வைத்தே எண்ணினர். தச்சும் சிற்பமும் கணிதத்தோடும் இசையோடும் ஒருங்கு வைத்துப் போற்றப்பட்டன. நாமோ எழுத்தை ஏற்றியும் கைவினையைத் தாழ்த்தியும் கருதப் பழகிவிட்டோம். இப்பிரிவினையால் இரண்டிற்கும் கேடு விளைந்தது. கையாற் செய்து பாராத கணிதம் மனத்தில் நிலைப்பதில்லை. கணக்கறியாத கை ஓரளவுக்கு மேல் உயர்வதுமில்லை. இவ்வுண்மையை விளக்குதற்கு ஓர் எடுத்துக்காட்டாக, வீட்டுப் பட்டறையிலே ஒரு குதிரையை அதன் இயல்பான அளவில் நுரைப்பாளத்தாற் செய்யும் முறையை இங்கு ஆராய்வோம்.

நுரைப்பாளம் என்று நாம் கூறுவது கடைகளில் றெஜிபோம் என்றும், தமிழகத்தில் தெர்மாகோல் என்றும் வழங்கும் வெண்பொருளாகும். 1950-ஆம் ஆண்டையொட்டி ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனத்தில் இது உருவாயிற்று. பொலிஸ்ரைரீன் மணிகளை நீராவியாற் பொரியச் செய்து ஒன்றோடொன்று ஒட்டவைத்தலே இதன் ஆக்கமுறை. இதன் கனவளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு வெறுங் காற்றே.

குதிரையைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலந்தொட்டு நெடுந்தீவிற் குதிரைகள் வாழ்ந்து வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசின் அலுவலராயிருந்த நோலன் அங்குக் குதிரை வளர்ப்பை நடத்தினார். அக்காலக் குதிரைலாயங்களின் தூண்கள் இன்றும் அங்கே காணப்படுகின்றன. நூலிற் கண்ட படத்தைப் பார்த்து வரைவதினும், பவளக்கல் வேலிகளினிடையே மேயும் உயிர்க்குதிரையைப் பார்த்து வரைதல் சாலச் சிறந்தது. உலகில் எத்தனையோ சிற்பிகளுக்குக் கிட்டாத அவ்வாய்ப்பு எம் தீவகத்து மாணவர்க்குப் படகுப் பயணத் தூரத்தில் உள்ளது.

வாகனமும் சூரனும்

பெரிய விலங்குருவங்களைச் செய்வது நமக்குப் புதிதன்று. நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் ஆனித் திங்களில் நிகழும் பெருந்திருவிழாவிலும், பிற ஆலயங்களின் திருவிழாக்களிலும் இறைவன் எழுந்தருளும் வாகனங்கள் எல்லாம் இக்கலையின் விளைவுகளே. வேட்டைத் திருவிழாவிற்குரிய குதிரை வாகனத்தை உற்று நோக்குக. அஃது ஒரே மரத்திற் குடைந்தெடுத்ததன்று. கால், உடல், கழுத்து, தலை எனத் தனித்தனியே செதுக்கிப் பொருத்திய பல துண்டுகளின் தொகுதி. சுமப்போரின் தோளிலே தண்டு அமரும்பொழுது நிறை இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும் என்பதையும் ஆசாரியார் முன்னரே எண்ணிச் செய்திருப்பார்.

கந்தசட்டியின் இறுதிநாளில் நிகழும் சூரன்போரும் இவ்வகையில் ஒரு பாடமாகும். சூரனது உடல் ஒன்றே, தலைகளோ பல. ஒரு தலையை எடுத்து மற்றொன்றைப் பொருத்துமாறு கழுத்து அமைக்கப்பட்டிருக்கும். பேருருவத்தைப் பிரித்துக் கொண்டுசெல்லவும் பின்னர் சேர்க்கவும் வேண்டுமென்ற அறிவு அங்கே அடங்கியுள்ளது. குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறி எப்பொருளையும் கொண்டுசெல்லும் நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் இவ்வறிவு இன்றியமையாதது. ஆதலின் நாம் செய்யும் குதிரையிலும் கழுத்தும் வாலும் கழற்றக்கூடியனவாதல் வேண்டும்.

அளவு

சிற்பநூலார் முகத்தின் நீளத்தைத் தாளம் என்னும் அளவாகக் கொண்டு, நவதாளம், தசதாளம் என உருவங்களை வகுத்தனர். குதிரைக்கும் இத்தகைய அளவு உண்டு. அதன் தலையின் நீளத்தை ஓர் அலகாகக் கொண்டால், கழுத்து முதுகோடு சேரும் மேட்டின் உயரம் ஏறத்தாழ இரண்டரைத் தலையாகும். மார்பு முதல் பின்புறம் வரையுள்ள உடல்நீளமும் ஏறத்தாழ அதுவே. தலை 48 சென்ரிமீற்றராயின் உயரம் 120 சென்ரிமீற்றர் என்க. காதுகளையும் பிடரியையும் அழகுபடுத்துவதிற் கருத்துச் செலுத்தி இவ்வளவைக் கைவிடுவோர் செய்யும் உருவம், எத்துணை நுணுக்கமாய் வண்ணந் தீட்டினும் குதிரையாகத் தோன்றாது.

எலும்பை அறிதலும் வேண்டும். குதிரையின் முன்காலில் நாம் முழங்கால் என எண்ணுவது உண்மையில் மனிதனின் மணிக்கட்டுக்கு ஒப்பானது. பின்காலிற் பின்னோக்கி மடங்குவதுபோலத் தோன்றும் மூட்டு குதிக்காலுக்கு ஒப்பானது. உண்மையான முழங்கால் வயிற்றோரமாக மேலே அமைந்துள்ளது. இதை அறியாதவர் பின்காலை எங்கே வளைப்பதென்று தடுமாறுவர்.

அடுத்து, பிளாஸ்ரிசின் களியினால் ஐந்திலொரு பங்கு அளவில் ஒரு சிற்றுருவம் செய்க. அது நீரிற் கரையாதாகலின், விளிம்புவரை நீர் நிறைந்த வாளியில் அதனை அமிழ்த்தி, வழியும் நீரை அளக்கலாம். 1.6 லீற்றர் வழிந்ததெனக் கொள்வோம். நீளம் ஐந்து மடங்காகும்போது கனவளவு 125 மடங்காகும். ஆகவே பேருருவத்தின் கனவளவு 200 லீற்றர், அஃதாவது ஒரு கனமீற்றரின் ஐந்திலொரு பங்கு. கனமீற்றருக்கு 700 கிலோகிராம் நிறையுள்ள மரத்தில் இதனைத் திண்மமாகச் செய்தால் 140 கிலோகிராம் நிறுக்கும். கனமீற்றருக்கு 20 கிலோகிராம் நிறையுள்ள நுரைப்பாளத்திற் செய்தால் 4 கிலோகிராமே நிறுக்கும். புதிய பொருளின் கவர்ச்சி முழுவதும் இவ்வோர் எண்ணில் அடங்கும். அதன் இடர்களும் இவ்வெண்ணிலிருந்தே பிறக்கின்றன என்பதைப் பின்னர் காண்போம்.

எலும்புக்கூடும் உடலும்

சிற்றுருவத்தை மெல்லிய கம்பியால் நெடுக்காக ஒரு சென்ரிமீற்றர்த் தடிப்புள்ள துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றின் விளிம்பையும் கட்டத்தாளில் வரைக. ஒரு சென்ரிமீற்றர்க் கட்டத்தை ஐந்து சென்ரிமீற்றர்க் கட்டமாகப் பெருக்கினால், ஐந்து சென்ரிமீற்றர்த் தடிப்புள்ள பாளங்களை வெட்டுதற்குரிய வடிவங்கள் கிடைக்கும். உடலின் அகலம் 50 சென்ரிமீற்றராயின் பாளங்கள் பத்து. தோணி கட்டுவோர் ஏராவை வைத்து, வங்குகளை ஒவ்வொன்றாக வடிவறிந்து நிறுத்தி, பின்னர் பலகை வேய்வதும் இத்தகைய அறிவே. வளைந்த உடல் எதனையும் தட்டையான வெட்டுமுகங்களின் வரிசையாகக் காணும் கண் அவர்களுக்கு வாய்த்திருந்தது.

நுரைப்பாளம் தன்னைத்தான் தாங்கும். மெல்லிய நான்கு கால்களின்மேல் உடலைத் தாங்காது. ஆதலின் உள்ளே ஓர் எலும்புக்கூடு வேண்டும். பனஞ்சலாகையோ இரும்புக் குழாயோ நான்கு கால்களாக நின்று, முதுகின் நீளத்திற்கு ஒரு சட்டத்தைத் தாங்கி, கீழே தடித்த ஒட்டுப்பலகைப் பீடத்தில் இறுகப் பொருந்துதல் நன்று. நடுப்பாளங்களில் இச்சட்டத்திற்கு வழிவிட்டு வெட்டுக. தச்சர் ஒருவரை அழைத்து இப்பகுதியை அவர் மேற்பார்வையிற் செய்தல் மாணவர்க்குப் பெரும் பயன் தரும்.

பாளங்களை மூங்கிற் குச்சிகளாற் கோத்து, வெண்பசையால் ஒட்டுக. இருபாளங்களுக்கிடையே காற்றுப் புகாமையால் இப்பசை மெல்லவே உலரும், அவசரப்படலாகாது. கரைப்பான் கலந்த பசைகள் நுரைப்பாளத்தைக் கரைத்து ஓட்டையாக்கும். எப்பசையையும் முதலிற் கழிவுத் துண்டொன்றில் இட்டுச் சோதித்தறிக.

ஒட்டியபின் படிக்கட்டுப்போலத் தோன்றும் விளிம்புகளைக் கூரிய கத்தியாலும் நுண்பல் வாளாலும் சீவி, தேய்ப்புத் தாளால் மென்மையாக்குக. மரச்சிற்பி தவறாது உளியோட்ட வேண்டும். நுரைப்பாளத்திலோ மிகுதியாக வெட்டிய இடத்தில் வேறொரு துண்டை ஒட்டலாம். கற்போர்க்கு இஃது ஒரு நற்பேறு.

தீயும் நஞ்சும்

சூடேற்றிய நிக்கல்-குரோமியக் கம்பியால் வெட்டுதல் விரைவானது. பொலிஸ்ரைரீன் 100 பாகை செல்சியசு அளவில் இளகத் தொடங்கும். கம்பி அதனினும் சற்று மிகுந்த வெப்பமடைந்தாற் போதும். புகை எழுமாயின் வெப்பம் மிகுந்ததென்பது பொருள். குறைந்த மின்னழுத்தம் தரும் மின்மாற்றியையே பயன்படுத்துக. அடைத்த அறையில் இவ்வேலை கூடாது. காற்றோட்டமுள்ள திறந்த விறாந்தையே தக்க இடம். அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தல் ஆகாது. நுரைப்பாளம் எளிதிற் பற்றிக் கரும்புகையோடு எரியும்.

மெத்தைகளிலும் பொதிகளிலும் காணும் பொலியூரித்தேன் நுரை வேறு இனம். அதனைச் சூட்டுக் கம்பியால் ஒருபோதும் வெட்டலாகாது. எரியுங்கால் ஐதரசன் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சு அதிலிருந்து வெளிப்படும். பொருளின் பெயரறியாது வேலை தொடங்குவோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் இடர் உண்டு. வேதியியல் வகுப்பிற் படிப்பது தேர்வுக்கு மட்டுமன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தோல்

வெறும் நுரைப்பாளம் வெயிலில் மஞ்சளித்துப் பொடியும். விரல் பட்டாலும் குழியும். ஆதலின் தோல் போர்த்தல் வேண்டும். கோதுமைமாப் பசையில் தோய்த்த தாளை மூன்று படையாக ஒட்டலாம். வெண்பசையில் தோய்த்த பழைய பருத்தித் துணி அதனினும் உறுதியானது. ஒவ்வொரு படையும் நன்கு உலர்ந்த பின்னரே அடுத்ததை ஒட்டுக. அதன்மேல் நீர்கலந்த வண்ணமே பூசத்தக்கது. பொலியெசுத்தர்ப் பிசினிற் கலந்துள்ள ஸ்ரைரீன் நுரைப்பாளத்தைக் கரைத்துவிடும். எப்பொக்சிப் பிசின் அவ்வாறு செய்யாது.

காற்று

இனி, இலேசான பொருளின் இடரைக் காண்போம். மே முதல் செப்ரெம்பர் வரை தீவகத்திற் சோளகக் காற்று வீசும். விநாடிக்கு 10 மீற்றர் வேகமுள்ள காற்று, ஒரு சதுரமீற்றர்ப் பரப்பில் ஏறத்தாழ 6 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசையைத் தரும். குதிரையின் பக்கப் பரப்பு 1.3 சதுரமீற்றராயின் விசை ஏறக்குறைய 8. அது தரையிலிருந்து 0.8 மீற்றர் உயரத்திற் தாக்குகின்றதெனக் கொண்டால், கவிழ்க்கும் திருப்புதிறன் 6.4 ஆகும். எலும்புக்கூடும் பீடமும் சேர்ந்து குதிரை 20 கிலோகிராம் நிறுத்து, பீடத்தின் அகலம் 60 சென்ரிமீற்றராயின், எதிர்க்கும் திருப்புதிறன் 20ஐ 0.3ஆற் பெருக்கிய 6 மட்டுமே. குதிரை கவிழும்.

பீடத்தை 120 சென்ரிமீற்றராக அகலித்தால் எதிர்ப்பு 12 ஆகும். மேலும் 20 கிலோகிராம் மணல்மூடையைப் பீடத்தின் நடுவில் வைத்தால் 24 ஆகும். ஆயினும் காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிக் கவிழ்க்கும் திறன் 25.6ஐ அடையும், அப்பொழுது கயிறு கட்டாமல் நிற்காது. 140 கிலோகிராம் நிறையுள்ள மரக்குதிரைக்கு இக்கவலை சிறிது. நிறையை நீக்கியவர் நிலைப்பையும் நீக்கினர். அதனை வேறு வழியால் ஈடுசெய்தல் அவர் கடன்.

கடல்

இறுதியாக ஒன்று கூறவேண்டும். அறுக்கும்போது உதிரும் வெண்மணிகள் காற்றிற் பறந்து கடலை அடையும். அவை மக்குவதில்லை, மிதந்து திரிந்து, சிதறி, மீனுக்கும் ஆமைக்கும் உணவாக மயங்கப்படும். இலங்கையில் 2017 செப்ரெம்பரில் றெஜிபோம் உணவுப்பெட்டிகள் தடைசெய்யப்பட்டதற்கு இக்கேடும் ஒரு காரணம். நாற்புறமும் கடல் சூழ, அக்கடலையே நம்பி வாழும் தீவகத்தார்க்கு இது பிறர்கதையன்று. ஆதலின் வேலைத்தலத்தில் நனைந்த துணி விரித்து, உதிரி அனைத்தையும் அன்றன்றே சாக்கிற் கட்டுக. கழிவை எரித்தலும் கடலில் எறிதலும் ஒருங்கே தவிர்க்கத்தக்கன. பொதிகளோடு வந்த பழைய பாளங்களைச் சேர்த்துப் பயன்படுத்தினால் செலவும் குறையும், கேடும் குறையும். விழா முடிந்தபின் வீசுதற்கென ஒரு பேருருவத்தைச் செய்தல் தகாது. பல்லாண்டு பேணத்தக்கதாகச் செய்தலே முறை.

இவற்றால் நாம் தெளிவது யாது? ஆலய வாகனத்திற்கு நுரைப்பாளம் ஈடாகாது. தலைமுறை தலைமுறையாக நிலைத்து வழிபாட்டிற்குரியதாய் விளங்குதற்கு மரமே தகும். பொருட்காட்சி, நாடகமேடை, ஊர்வலம் ஆகியவற்றிற்கும் கற்பயிற்சிக்கும் நுரைப்பாளம் தகும். ஆயினும் புதிய பொருளைக் கையாள்வதற்கும் பழைய ஆசாரியாரின் அறிவே வேண்டும்: எலும்பை முதலில் எண்ணுதல், அளவிற் பிழையாமை, பொருத்துமிடத்தை முன்னரே அறிதல், நிறையை ஒப்ப வைத்தல். பொருள் மாறலாம்; இவை மாறா. அவ்வறிவு ஏடுகளில் மிகுதியாக எழுதப்படவில்லை. முதிய கைகளிலேயே தங்கியுள்ளது. அக்கைகள் ஓய்ந்தால் அதுவும் ஓயும்.

ஆகவே பழைய மாணவர் யாவர்க்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரிக்கு நாம் ஈயும் பொருள்களுள் தச்சாசாரியார் ஒருவரின் சில மணிநேரமும் ஒன்றாகுக. மாணவர் அவர் பக்கத்தில் நின்று, நெடுந்தீவிற் கண்ட குதிரையைத் தம் கைகளால் ஆக்கும்போது, உடலியலும் வேதியியலும் கணிதமும் தனித்தனிப் பாடங்களல்ல என்பதை உணர்வர். அவ்வுணர்ச்சியே கல்வியின் பயனென்க.