மீள்குடியேற்றம்: ஒரு சொல்லை ஆராய்வோம்



பிரதேச செயலகப் படிவங்களிலும் உதவி நிறுவனங்களின் அறிக்கைகளிலும் 'றீசெற்றில்மென்ற்' என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி வருகிறது. தமிழில் அதனை மீள்குடியேற்றம் என்கிறோம். இச்சொல்லின் கீழ் நாம் இடும் கையொப்பத்தில் எமது காணியும் தங்கியிருக்கலாம். ஆகவே அதன் பொருளை அறிவது அவசியம்.

சொல்லின் பொருள்

ஆங்கிலச் சொல்லின் முன்னுள்ள 'றீ' என்பது 'மறுபடியும்' எனப் பொருள்படும். 'செற்றில்மென்ற்' என்றால் குடியமர்தல். எங்கே குடியமர்வது என்பதை அச்சொல் கூறுவதில்லை. தமிழில் 'மீள்' என்றதும் விட்டு வந்த ஊருக்குத் திரும்புவதே எம் மனதில் தோன்றுகிறது. படிவம் ஒன்றைச் சொல்ல, எமது செவி வேறொன்றைக் கேட்கிறது. கூட்டங்களில் நாமும் இவ்வேறுபாட்டைச் சொல்லாமலே மொழிபெயர்த்து வந்தோம். அது எமது தவறு.

கடைக் கடனைக் கொடுத்து முடித்தாலும் 'செற்றில் பண்ணியாச்சு' என்கிறோம். முதலாளி கொப்பியில் கோடு கீறிவிடுவார். ஒரு கொட்டில் கிடைத்ததும் எமது காணிக் கணக்கிலும் அப்படிக் கோடு கீறப்படலாமா?

இரண்டு வழிகள்

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி ஐக்கிய நாடுகள் சபையில் 1998இல் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளில் 28ஆவது, இவ்விரண்டையும் பிரித்தே கூறுகிறது. சொந்த இடத்துக்குத் திரும்புதல் ஒன்று. நாட்டின் வேறொரு பகுதியில் குடியமர்தல் மற்றொன்று. இரண்டுமே மக்களின் சுயவிருப்பப்படி நடக்க வேண்டும். விட்டு வந்த சொத்தை மீளப் பெற உதவுவது அதிகாரிகளின் கடமை என்றும், அது முடியாதபோது நட்டஈடோ வேறு நியாயமான பரிகாரமோ வேண்டும் என்றும் 29ஆவது கூறுகிறது. இக்கோட்பாடுகள் சட்டம் அல்ல. ஆயினும் கேள்வி கேட்பதற்கு நல்ல ஆதாரம்.

எமது மாவட்டத்தில்

முசலிப் பிரதேசத்தின் முள்ளிக்குளம் மக்கள் 2007 செப்டெம்பரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டனர். போர் 2009இல் முடிந்தபோது அவர்களின் ஊர் கடற்படை முகாமாகியிருந்தது. பின்னர் அயலிலுள்ள மலங்காட்டில் குடியமர்ந்தனர். தங்க இடம் கிடைத்தது. சொந்த வீடும் வயலும் வேலிக்கு அப்பால் இருந்தன. அவர்கள் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை. 2017இல் வீதியோரத்தில் இருந்து போராடினார்கள். 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்தது.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எமது முஸ்லிம் சகோதரர்கள் போரின் பின் முசலிக்குத் திரும்பியபோது, அவர்களின் பழைய ஊர்களை அண்டிய காணிகளில் ஒரு பகுதி 2012இல் ஒதுக்குக்காடாக அறிவிக்கப்பட்டது. அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள்; காணி முழுவதும் திரும்பவில்லை.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

1. இது எமது சொந்த ஊரா, மாற்றிடமா?
2. மாற்றிடமாயின், பழைய காணியின் உரிமை என்னவாகும்?
3. வீட்டுடன் வயல், குளத்து நீர், மேய்ச்சல் தரை, கரைவலைப்பாடு ஆகியவையும் கிடைக்குமா?

பதிலை எழுத்தில் கேளுங்கள். மாற்றிடத்தை ஏற்பதானால், 'பழைய காணிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று படிவத்திலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். பிரதி ஒன்றை உறுதியுடன் அல்லது அனுமதிப்பத்திரத்துடன் சேர்த்து வையுங்கள். அவை தொலைந்திருந்தால் பழைய வரிப் பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்பு, அயலவரின் சாட்சியம் என்பவற்றைத் தேடுங்கள்.

குழுவில் கலந்துரையாட

எமது குடும்பம் திரும்பியதா, வேறிடத்தில் குடியமர்ந்ததா? எமது பெயர் எந்தப் பட்டியலில், எந்தச் சொல்லின் கீழ் இருக்கிறது? அடுத்த கூட்டத்திற்கு முன் கிராம அலுவலரிடம் கேட்டு அறிந்து வாருங்கள்.