பேட்டிக்குப் போகுமுன் நூலகத்துக்குப் போங்கள்

தில்லியில் சமூகவியல், வரலாறு, சமூகப்பணி என்று மேற்படிப்பு படிக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர், ஆய்வுக்குத் "தில்லிக்கு வந்த தமிழர்கள்" என்ற பொருளை எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல எண்ணம். கரோல்பாகில் ஒண்டுக் குடித்தனமாகவும், பிறகு ராமகிருஷ்ணபுரத்து சர்க்கார் குவார்ட்டர்ஸிலும் வாழ்ந்த முதல் தலைமுறையினர் இன்று நம்மிடையே வெகு சிலரே. அவர்களிடம் நிதானமாக உட்கார்ந்து கேட்க இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், "நீ பேட்டி எடுக்கும் முறைக்கு ஆதாரம் எது?" என்று பேராசிரியர் கேட்டதும் பிள்ளைகள் விழிக்கிறார்கள். நூலகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

முதலில் தேடும் சொல். நூலகக் கணினியில் வெறுமனே "இன்டர்வியூ" என்று தட்டினால் வேலைவாய்ப்புக் கையேடுகளும் பிரபலங்களின் பேட்டித் தொகுப்புகளும் வந்து குவியும். "இன்டர்வியூயிங்", "ஓரல் ஹிஸ்டரி", "குவாலிட்டேட்டிவ் ரிசர்ச்" ஆகியவற்றை ஆங்கிலத்தில் கொடுத்து, பொருள் தலைப்பு என்ற கட்டத்தில் தேடுங்கள். பொருத்தமான ஒரு புத்தகம் கிடைத்துவிட்டால் அதன் பதிவிலுள்ள பொருள் தலைப்புகளைக் குறித்துக்கொண்டு, அவற்றை வைத்து மறுபடி தேடுங்கள். டியூயி பகுப்பு உள்ள நூலகமானால் 300.72, 907.2 என்ற எண்களுள்ள அலமாரிகளின் முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சில நூலகங்களில் எண்கள் வேறு மாதிரி இருக்கும். அது 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பாக இருக்கலாம். அதை உருவாக்கியவர் நம் சீர்காழி ரங்கநாதன்தான்!

எதைப் படிப்பது? பால் தாம்சனின் 'தி வாய்ஸ் ஆஃப் தி பாஸ்ட்' (1978) வாய்மொழி வரலாற்றுக்கு அடிப்படை நூல். வாழ்க்கைக் கதையைக் கேட்க மாதிரிக் கேள்விகளும் அதில் உண்டு. ஸ்டைனார் குவாலே 1996இல் எழுதிய 'இன்டர்வியூஸ்', பேட்டி காண்பவரைச் சுரங்கம் தோண்டுபவர், வழிப்போக்கர் என்று இரு விதமாகப் பார்க்கிறது. பாட்டியிடம் தகவலை மட்டும் தோண்டப் போகிறோமா, அவரோடு கூடவே நடந்து கதை கேட்கப் போகிறோமா என்பதை முதலில் முடிவு செய்ய இது உதவும். நம் நாட்டு அனுபவத்துக்கு எம்.என். ஸ்ரீநிவாஸ், ஏ.எம். ஷா, இ.ஏ. ராமசாமி தொகுத்த 'தி ஃபீல்ட்வொர்க்கர் அண்ட் தி ஃபீல்ட்' (1979). என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். வெளிநாட்டு நூல்கள் காணாத சங்கடங்கள் நம் வீட்டுக் கூடத்தில் உண்டு. தாத்தாவைக் கேட்டால் மாமா பதில் சொல்வார். பாட்டி அடுக்களையை விட்டு வரவே மாட்டார்.

கட்டுரைகளுக்குப் பல்கலைக்கழகம் சந்தா கட்டும் ஜேஸ்டோர் போன்ற தளங்கள் இருக்கின்றன. துறை அறிஞர்கள் பரிசீலித்து வெளியிட்ட கட்டுரைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் கடைசியிலுள்ள நூற்பட்டியலை விடாதீர்கள். ஒரு நல்ல கட்டுரை பத்து நூல்களைக் காட்டிக்கொடுக்கும். கேட்ட புத்தகம் இல்லையென்றால் நூலகங்களுக்கிடையே கடன் வாங்கித் தர டெல்நெட் இருக்கிறது. ரெஃபரன்ஸ் மேஜையில் கேளுங்கள்.

கல்லூரி அடையாள அட்டை இல்லாதவர்களும் 'சோத்கங்கா'வில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்தையும், பின்னிணைப்பில் கேள்விப் பட்டியல் இருந்தால் அதையும் பாருங்கள். ஆய்வேடுகளின் தரம் ஒன்றுபோல் இராது. கேள்விகளை அப்படியே நகலெடுக்க வேண்டாம். "தில்லிக்கு வந்தபோது கஷ்டப்பட்டீர்களா?" என்றால் "ஆமாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "ரயிலில் இறங்கிய அன்றைக்கு ராத்திரி எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி பெற்றவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று பார்க்க, தீன்மூர்த்தி வளாகத்து நூலகத்தில் சுதந்திரப் போராட்ட காலத்தவர் பலரின் வாய்மொழிப் பதிவுகள் எழுத்து வடிவில் இருக்கின்றன. நேரு நினைவு நூலகமாக இருந்து, 2023இல் பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம் என்று பெயர் மாறியது அதுதான். ஒரு நாள் ஒதுக்கி, கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போய் வாருங்கள்.