ஆடிப்பட்டம்: இந்த வாரம் விதையுங்கள்

ஆடி பிறந்துவிட்டது. இப்போது விதைத்தால்தான் ஐப்பசி அடைமழைக்குள் செடி வேர் பிடித்து நிற்கும். வீட்டுத்தோட்டத்துக்கு இந்த இரண்டு வாரமும் பொன்னான நாட்கள்.

முதலில் முளைப்புச் சோதனை
பழைய விதையை நம்பி மண்ணைக் கிளறாதீர்கள். பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். ஒரு வாரத்தில், மிளகாயானால் பத்து நாளில், ஏழுக்கு மேல் முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். குறைந்தால் புது விதை வாங்குங்கள்.

விதை நேர்த்தி
ஆறிய வடிகஞ்சியில் சிறிது சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிர்த் தூள் கலந்து, விதையைப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். நாற்றழுகல் குறையும். கிலோ விதைக்கு 10 கிராம் என்பது கணக்கு. கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும். சாயம் பூசிய பாக்கெட் விதைகளில் ஏற்கெனவே மருந்து இருக்கும். அவற்றுக்கு இது வேண்டாம். மருந்திட்ட விதைகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நேரடியாக ஊன்ற
வெண்டை, கொத்தவரை, அவரை, புடலை, பீர்க்கு, பாகல். பாகல், புடலை விதைகளுக்குத் தோல் கெட்டி. முதல் நாள் இரவே ஊறவையுங்கள். விதையின் பருமனைப் போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது.

நாற்று விட
தக்காளி, கத்தரி, மிளகாய். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை போடுங்கள். தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்கு வரும். மிளகாய் முளைக்கவே பத்து நாள் ஆகலாம். பொறுத்திருங்கள், தோண்டிப் பார்க்காதீர்கள்.

காற்றும் எறும்பும்
ஆடிக்காற்று மேல்மண்ணை மதியத்துக்குள் உலர்த்திவிடும். பாத்தியை வைக்கோலால் மூடி, காலையும் மாலையும் பூவாளியால் தெளியுங்கள். முளை தலைகாட்டியதும் மூடாக்கை எடுத்துவிடுங்கள். தாமதித்தால் நாற்று வெளிறி நெட்டையாகும். கீரை விதையை எறும்பு இழுத்துப்போகும். பாத்தியைச் சுற்றி அரிசிக் குருணை தூவுங்கள். எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு விதையை விட்டுவிடும்.

கையில் இருக்கும் விதை முழுவதையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். பாதியை இன்று, மீதியைப் பத்து நாள் கழித்து. ஒரு தவணை தவறினாலும் மறு தவணை கைகொடுக்கும். இரண்டும் தேறினால் காய்ப்பு இடைவிடாமல் நீளும்.